அப்பாவின் பேண்ட் சொன்ன பொய்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம், அதில் ஒருவர் கொஞ்சம் இளைத்து நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். அந்த விசாரணையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

போனில் உன் அப்பா எதையும் ஒழுங்காகச் சொல்லமாட்டார், அதனால்தான் எழுதுகிறேன். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் போன தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தொப்பையும் சர்க்கரையும் இறங்கவில்லை என்றால் அடுத்த பரிசோதனையோடு ஸ்டியரிங் கிடையாது, டிப்போ ஆபீசில் மேஜைதான் என்று. அந்த மனுஷனை மேஜையில் உட்காரவைப்பதும் மீனைத் தரையில் போடுவதும் ஒன்று, உனக்குத் தெரியாதா. ரெண்டு நாள் கழித்துத் தானாகவே டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார், அதைக் குடித்த முகத்தை நீ பார்த்திருக்கணும். டிப்போ வாசலில் வாங்கித் தின்னும் பொரித்த சாமான் நின்றது, ராத்திரிச் சோறு பாதியாகி மிச்சத் தட்டில் காய்கறி வந்தது. சாயங்காலம் நடை, முதலில் மருந்துக்கடை முனைவரை போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார், அப்புறம் பள்ளிக்கூடம் வரை, இப்போது பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனையும் இழுத்துக்கொண்டு பூங்காவையே சுற்றி வருகிறார். அண்ணனைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க அண்ணி என்று அவன் என்னிடம் புகார் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

எடை பார்க்க மட்டும் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். என் யூனிஃபார்ம் பேண்ட் லூசானா நம்புறேன், அந்தத் தராசு சொல்றதை யாரு நம்புவா என்றார். மாதங்கள் போயின, கன்னம் வற்றியது, கழுத்து வெளியே வந்தது, பேண்ட் மட்டும் நேற்றுத்தான் அளவெடுத்த மாதிரி கச்சிதமாக நின்றது. போன வாரம் மனசு விட்டுப்போய், எல்லாம் வேஸ்ட்டு, அரை வயித்துக்குத் தின்னு தெருத்தெருவா அலைஞ்சதுதான் மிச்சம், மேஜையிலயே உக்காந்துக்கிறேன் விடு என்று நடைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் துவைத்துக் காய்ந்த அந்தப் பேண்ட்டைத் தையல் மிஷினில் வைத்து மிதிக்கும்போதுதான் என் கையை நானே பார்த்தேன். நாள் முழுக்க ஊராருக்கு உடுப்பை இறுக்கிப் பிடித்தும் தளர்த்திப் பிரித்தும் கொடுக்கிற கை அம்மாடி, எதுவும் தொளதொளவென்று இருந்தால் அதற்குப் பொறுக்காது. அவர் இளைக்க இளைக்க நான் இடுப்பில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன், யோசித்துச் செய்ததே இல்லை, கொட்டாவி வருகிற மாதிரி நடந்திருக்கிறது. அவர் பருத்த காலத்திலும் இதே கைதான் சத்தமில்லாமல் பிரித்துவிட்டது, அதனால்தான் டாக்டர் சொல்லும்வரை தான் குண்டாகவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது.

பிடித்த தையல் அத்தனையும் பிரித்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கொடுத்தேன். பொத்தானை மாட்டிக் கையை எடுத்தார், பேண்ட் இடுப்பை விட்டு இறங்கிவிட்டது. வீடே அதிர ஒரு கத்தல். விஷயத்தைச் சொன்னதும் திட்டுவார் என்று பார்த்தால், பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எலக்ட்ரீஷியன் வீட்டு வாசலில் போய் நின்று காட்டிவிட்டு வந்தார், மானம் போனது எனக்குத்தான். சாயங்காலம் நடையை முடித்துவிட்டு அதை உள்பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தையல்கள் துணியில் கோடு கோடாகத் தடம் விட்டிருக்கின்றன, எல்லாவற்றுக்கும் உள்ளே, சின்ன அளவில் இருந்த கோட்டைத் தொட்டு, இது எப்போ என்று கேட்டார். முதல்முதலில் தைத்தது, நம்ம பொண்ணு வேலைக்குக் கிளம்பின வருஷம் என்றேன். நீ இருந்தவரை தினமும் உன்னோடு பூங்கா வரை நடந்தவர்தானே, நீ போன பிறகுதான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். அந்தக் கோட்டிலேயே விரலை வைத்துக்கொண்டு, இந்த அளவுக்கு வந்துருவேன் என்றார்.

ரத்தத்தில் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பரிசோதனை, இப்படியே போனால் பயமில்லை என்கிறார் டாக்டர். இப்போதைக்குப் பெல்ட்தான், தையலைத் தொட்டால் தெரியும் சேதி என்று உன் அப்பா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். கை நமநமக்கிறது, அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

நீ காலையில் காபியை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடுகிறாயாமே, உன் தோழி சொல்லிவிட்டாள். அப்பாவே திருந்திவிட்டார், நீ எம்மாத்திரம். நல்ல உடம்பும் நிறைந்த மனசுமாக நீ நெடுங்காலம் வாழணும். லீவுக்கு எப்போது வருகிறாய் என்று எழுது. அவ வர்ற அன்னிக்கு பேண்ட்டை அந்த முதல் தையல் கோட்டுல தைச்சுக் குடு, போட்டுக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஊசியில் நூலைக் கோத்து வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா