ஜோசபின், முசேக்கு ஊசி போட்டாச்சு

என் உயிருக்கு உயிரான ஜோசபினுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு நலம் சொல்கிறேன். சாயங்காலம் டீ குடிக்க வருகிறேன் என்று சொன்னவள், மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாயே, இது நியாயமா? உனக்காகப் போட்ட டீ ஆறிப்போய்க் கிடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ போன பிறகு தலத்தெருவில் உன் வீட்டு வாசலை உன் பிள்ளைகள்தான் காத்துக்கொண்டிருந்தன. தெருநாய்களை நானே பிள்ளைகள் என்று எழுதுகிறேனே என்று சிரிக்காதே. எல்லாம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். "நான் இதுங்களுக்கு அம்மான்னா நீ சின்னம்மா, உங்க பேச்சுல சாச்சிடி ஹமீதா. தொடாட்டிப் பரவால்ல, முறை முறைதான்" என்று என்னை எத்தனை தடவை வம்புக்கு இழுத்திருப்பாய்!

எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். அதனால் நமக்குள் பாகப்பிரிவினை. பூனைகள் எனக்கு, நாய்கள் உனக்கு. நான் தூரத்திலிருந்தே ரொட்டியை வீசுவேன், நீ மடியில் போட்டுக் கொஞ்சுவாய்.

பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள், அவர் காலமானதும் ஊரோடு வந்துவிட்டாய். வரும்போது பெட்டியோடு அங்கிருந்த உன் தோழிகளின் தொண்டுச் சங்கத்தையும் இழுத்துக்கொண்டு வந்தாய். அந்தப் பெண்கள் கேக் செய்து விற்று மருந்து வாங்குவார்கள். மழைக்காலம் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் விமானம் ஏறி வந்து, காரைக்கால் நாய் பூனைகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று நான் கேட்டதற்கு, "இதுதாண்டி வேலை" என்றாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நீ போன பிறகு அந்தச் சங்கத்து டாக்டர் குளோதீன் வீடியோ காலில் வந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இனிமேல் நாய்களைக் கூட்டி வர அங்கே யார் இருக்கிறார்கள்? ஆள் இல்லை என்றால் நாங்கள் வந்தும் பிரயோசனம் இல்லை, வேறு ஊருக்குத்தான் போக வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பிரெஞ்சு துருப்பிடித்துக் கிடந்தாலும், அது மட்டும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் செல்வராசு அண்ணன் கொதித்துக்கொண்டு வந்தார். அவருடைய பேத்தியை ஒரு நாய் துரத்திவிட்டதாம். "ஜோசபின் அம்மா இருந்தாங்க, ஊசி போட்ட நாய்ங்கன்னு பொறுத்துக்கிட்டோம். இனிமே யாருங்க பொறுப்பு? எல்லாத்தயும் வண்டியில ஏத்திக் கண்காணாம விடச் சொல்லப்போறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? குழந்தை பயந்தது பயந்ததுதானே. ஆனால் அவர் முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "நான் பொறுப்புண்ணே, எல்லாத்துக்கும் ஊசி போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டேன். பாழாய்ப்போன வாய்!

ஆள் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டதால், மழை விட்டதும் குளோதீனும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து இறங்கினார்கள். உன் மகனிடம் கேட்டு உன் வீட்டு முற்றத்திலேயே மேசை போட்டோம். மண்டபத்தூரிலிருந்து உனக்கு மீன் கொண்டு வருவாளே அஞ்சலை, அவள் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பழைய வலைகளோடு வந்தாள். "நீங்க சும்மா இருங்கக்கா, வலை போட்டுப் புடிக்கிறது எங்களுக்கு என்ன புதுசா?" என்றாள். நானும் நம்பினேன்.

கடலில் சரி, தெருவில் நடக்குமா? வலையை விரித்ததும் உன் முசே ஒரு பார்வை பார்த்தான். காது மடிந்த அந்தக் கிழட்டு நாய்ப்பயல்தானே தெருவுக்கே தலைவன். அவன் எடுத்தான் ஓட்டம், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஓடியது. கடைசியில் வலையில் மாட்டியது என் வீட்டுக்காரர் மட்டும்தான். காசிம் மச்சான் காலில் வலை சுற்றிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்க்க நீ இல்லாமல் போய்விட்டாயே!

அப்புறம் எல்லாரும் தொண்டை வறளக் கூப்பிட்டோம். "தோ, தோ" என்றோம், பிஸ்கட்டைக் காட்டினோம். உன் பிள்ளைகள் கோயில் மதில் ஓரமாக நின்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை. செல்வராசு அண்ணன் வாசலில் கை கட்டி நின்றார். குளோதீன் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் பிள்ளைகளை நானே வண்டியில் ஏற்றி அனுப்பப்போகிறேன் போலிருக்கிறதே!

அப்போதுதான் உறைத்தது. நீ என்றைக்கடி அவற்றை "தோ தோ" என்று கூப்பிட்டாய்? பிரெஞ்சில்தானே வா என்பாய்? வலைகளைச் சுருட்டச் சொன்னேன். நீ உட்காரும் படியில் போய் உட்கார்ந்தேன். உன்னைப் போலவே குரலை இழுத்து, "வியேன், முசே, வியேன்" என்றேன். மடிந்த காது நிமிர்ந்தது. தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தான், என் மடியில் தலையை வைத்தான்.

குளோதீன் ஊசியோடு குனிந்து, தலையைப் பிடித்துக்கொள் என்றாள். ஒரு கணம் கை வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். உன்னைத் தேடுகிறான் என்று தெரிந்தது. நானும் உன்னைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன்? இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தேன். எவ்வளவு சூடு ஜோசபின் அந்தத் தலை! ஊசி போட்டு முடிந்ததும் என் முழங்கை வரைக்கும் நக்கிவிட்டான். "யம்மாடி, பாயம்மா நாயத் தொட்டுட்டாங்க!" என்று அஞ்சலை கத்தினாள்.

முசே வந்த பிறகு மற்றவை வராமல் இருக்குமா? ஒவ்வொன்றாக வந்தன. எதற்கும் வராத கறுப்புப் பெட்டையைச் செல்வராசு அண்ணனே இடுப்புத் துண்டில் கட்டிக் கூட்டி வந்தார். "இதாங்க எம் பேத்தியத் தொரத்துனது. இதுக்கும் சேத்துப் போட்டுடுங்க" என்றார். வண்டிப் பேச்சு அதோடு நின்றது.

மச்சான் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். மனுஷன் எனக்கு முன்னாலேயே வந்து, கொல்லைப் பைப்படியில் வாளியும் கொட்டாங்கச்சி நிறைய மண்ணுமாக நின்றார். "கைய நீட்டு புள்ள. மார்க்கம் கழுவத்தானே சொல்லிருக்கு, கல்லால அடிக்கச் சொல்லலையே" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். நான் அழுதுகொண்டே கழுவினேன்.

என் பூனைகள்தான் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. போகட்டும், பசித்தால் வரும். அடுத்த மழை விட்டதும் வருகிறோம் என்று குளோதீன் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

ஆகவே ஜோசபின், நம் பாகப்பிரிவினை இனிச் செல்லாது. எனக்குக் கையும் காலும் ஓடுகிற வரைக்கும் உன் படியில் நான் உட்காருவேன், இன்ஷா அல்லாஹ். நீ நிம்மதியாகத் தூங்கு. கொட்டாங்கச்சி மண்ணை நாங்கள் உள்ளே எடுத்து வைக்கவில்லை. அது பைப்படியிலேயே இருக்கிறது.

உன் பிள்ளைகளைத் தொட்டுவிட்ட சாச்சி,
ஹமீதா