குமிழில் இரண்டு சிவப்புப் புள்ளி

என் ஆசை மச்சான் பாலா,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி வசந்தி கேட்டா. “தேவன் அண்ணை, இவர் ஒருநாளும் பொய் சொல்லாத மனிசன் எண்டு நீங்கள்தான் எழுதவேணும்” என்றா. உன் மனைவி கேட்டு மறுக்க முடியுமா? ஓம் என்று தலையாட்டிவிட்டு இல்ஃபோர்டில் என் வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தால், ஒரு வரி ஓடவில்லை. எனக்கு உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. செத்தவனைச் சந்தேகிக்கலாமாடா என்று கேட்காதே. இருந்தபோது நீ அதற்கு இடம் தரவில்லை.

தொடக்கிவைத்தவன் நம் கூட்டாளி அன்ரன்தான். உன் செத்தவீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து குந்தினான். “மச்சான், எனக்கு ஒரு டவுட். உன்ர பெட்டி எப்பிடியடா ஒரு ஞாயிறும் தோக்கேல்லை?”

“என்ர கைவேலை அப்பிடி” என்றேன். ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை.

மலரை வாசிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கணினியில் வெறும் எண்ணாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்கு ஒலியாக்கித் தரும் சின்னப் பெட்டிக்கு டாக் என்று பெயர். உன்னிடம் ஒன்று, அன்ரனிடம் ஒன்று, இரண்டும் கடையில் வாங்கியவை. மூன்றாவது நான் என் கையால் ஈயம் உருக்கி ஒட்டியது. மாரடைப்புக்குப் பிறகு இனி லண்டன் பஸ் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லி, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தேன்.

சேர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு அன்ரன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு செவன் கிங்ஸில் உன் வீட்டுக்கு வருவான். மூன்று பெட்டியையும் உன் அம்ப்ளிஃபயரோடு சேர்த்து வசந்தியின் பழைய சீலையால் மூடிவிட்டு, உள்ளே கையை விட்டு மாற்றி மாற்றிப் போடுவாய். ஒரே தவில் பதிவுதான். நானும் அன்ரனும் சுவரைப் பார்த்தபடி எது திறம் என்று சொல்லவேண்டும். நீ மட்டும் சொல்லமாட்டாய். “நான் நடுவர், வாய் திறக்கக்கூடாது” என்பாய். சீலையைத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் என் பெட்டி. அன்ரன் தன் பெட்டியைத் தூஷணத்தால் ஏசுவான்.

போன ஞாயிறு உன் வீட்டில் அதே போட்டியை மறுபடி வைத்துப் பார்த்தோம். அன்ரன் சத்தம் அளக்கிற மீட்டர் ஒன்றோடு வந்தான். எனக்கு அவனிலும் சந்தேகம். “வயரை மாத்தினியோ?” என்றேன். “இல்லையடா.” “பிளக்கை?” “உனக்கு விசரோ?” அந்த மீட்டரையும் நான் நம்பவில்லை, என் போனில் ஒருமுறை அளந்து பார்த்தேன். மூன்றுக்கும் சத்தம் ஒரே அளவு. நடுவராக வசந்தியை இருத்தினோம்.

முதல் சுற்றில் நான் அன்ரனின் பெட்டியைத் திறம் என்றேன். அவன் உன்னுடையதை என்றான். அடுத்த சுற்றில் மாறிச் சொன்னோம். மூன்றாவது சுற்றில், “ஆ, இப்ப தவில் தெளிவா வருது” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“நான் ஒண்டையும் மாத்தேல்லையே” என்றா வசந்தி.

அன்ரன் தலையில் கை வைத்தான். “அப்ப இவ்வளவு காலமும் என்னத்தையடா கேட்டனாங்கள்?”

வசந்திக்கு எங்கள் காதைவிட உன் அம்ப்ளிஃபயரில் இருந்த தூசுதான் பெரிதாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு வந்தவ, சத்தம் கூட்டும் குமிழின் விளிம்பில் நின்றுவிட்டா. “இஞ்ச பாருங்கோ, என்ர நெயில் பொலிஷ். ரேடியோவுக்குப் பொட்டு வைக்கப் போறன் எண்டு இவர் என்னட்டை வாங்கினவர்.”

ஒரு அரிசி அகலம் தள்ளி இரண்டு சிவப்புப் புள்ளி. அன்ரன் குமிழை முதல் புள்ளியில் வைத்தான், பிறகு இரண்டாவதில். சத்தம் கூடியது என்று சொல்லத் தோன்றாது. தவில்காரன் கிட்ட வந்து இருந்ததுபோல் இருந்தது. காது அப்படித்தான் ஏமாறுமாம், கொஞ்சம் கூட்டினால் அதுதான் திறம் என்று சொல்லுமாம்.

“இது எங்கட புள்ளி” என்றான் அன்ரன். “இது உன்ர புள்ளி. உன்ர பெட்டிக்கு மட்டும் இங்க திருப்பியிருக்கிறான்.”

எனக்குக் கோபம் வந்தது பாலா. பிச்சையாடா போட்டாய்? அந்தச் சீலைக்குள்ளே, எங்கள் முதுகுக்குப் பின்னால்? நான் வீடு வீடாகப் போய் என் பெட்டியைப் பற்றிப் பீத்தினேனே, அப்போதும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?

ஆனால் நானும் யோசித்தேன். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் சவரம் செய்வேன். மற்ற ஆறு நாளும் எழும்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

“அப்ப மலரில என்னத்தை எழுதுறது?” என்று கேட்டேன். வசந்தி சீலையை மடித்துக்கொண்டிருந்தா, முகத்தைக் காட்டவில்லை. அன்ரன்தான் சொன்னான்: “பொய் சொல்லாத மனிசன் எண்டே எழுது. அவன் எப்பயடா வாயைத் திறந்தவன்?”

அதனால் இதையே கொடுக்கிறேன். பாலன் ஒருநாளும் வாயால் பொய் சொன்னதில்லை. கைக்கு நான் பொறுப்பில்லை.

வருகிற ஞாயிறும் கூடுகிறோம். அன்ரனும் வசந்தியும் சுவரைப் பார்த்து இருப்பார்கள், நான் சீலைக்குள் கை விடுவேன். அன்ரன் மீட்டரைக் கொண்டு வந்தால் ஒளித்து வைப்பேன். உன் பெட்டியின் முறை வரும்போது குமிழை இரண்டாவது புள்ளிக்குத் திருப்புவேன். இனி ஒரு ஞாயிறும் நீ தோற்கமாட்டாய்.

உன் தங்கையைக் கட்டாமலே உனக்கு மச்சானாகிப்போன,
தேவன்