மிதிபட்ட மாலை

அன்பின் நிருபா,

உம்மடை முட்டு இழுப்பு இப்ப எப்பிடி? நான் சுகம். போனிலை சொல்ல வாய் வரேல்லை, அதுதான் எழுதி, நாளைக்கு ஊருக்கு வாற அரியநாயகம் அண்ணையிட்டைக் குடுத்துவிடுறன்.

பாரிஸ் லாச்சப்பலிலை நான் வேலை செய்யிற பூக்கடையிலை, ஒப்பரா எண்டு பாட்டு நாடகம் போடுற ஆக்கள் கலியாண மாலை எடுத்தவை. பழைய இத்தாலிக் கதையை எங்கடை ஊரிலை நடக்கிற மாதிரி மாத்திப் போடினமாம். கட்டின எனக்கு ஓசி ரிக்கெற்.

நாடகத்திலை எங்கடை பெட்டையைக் கட்டின வெள்ளைக்காரன் மாலையைக் கழட்டி எறிஞ்சு, சப்பாத்தாலை மிதிச்சுப்போட்டுக் கப்பலேறினான். மூண்டு வருஷம் காத்திருந்தாள். அவன் வேறை பெண்சாதியோடை வந்து நிண்டான். அவள் குத்திக்கொண்டு செத்தாள். அந்த மிதிபட்ட கலியாண மாலையையே பிணத்துக்குப் போட்டாங்கள், நிருபா! சனம் எழும்பி நிண்டு கைதட்டுது. கடைசியிலை அவனா நடிச்சவன் மேடையிலை வந்து கும்பிடேக்கை, "சீ, மூதேவி!" எண்டு கத்திப்போட்டன்.

திரும்பி மெற்றோவிலை வரேக்கைதான் எண்ணிப் பார்த்தன். அவன் அவளைக் காக்க வைச்சது மூண்டு வருஷம். இஞ்சை வதிவிடக் காட் கிடைக்காமல் நான் உம்மைக் காக்க வைச்சிருக்கிறது ஆறு.

அண்ணை அவசரப்படுத்துறார். அவர் திரும்பி வரேக்கை மிளகாய்த்தூள் குடுத்துவிடும். எங்கடை கலியாணத்திலை நாங்கள் மாலையோடை நிக்கிற படம் ஒண்டும். அதைப் பாக்காமல் இனிக் கலியாண மாலை கட்ட எனக்குக் கை வராது.

உம்மடை,
ஜனகன்