ஒரே தாய்ச்செடி

தம்பி,

இதைச் சிறையில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். அதனால் முதலில் வீட்டு விஷயம். தோட்டத்தில் மல்லிகை நன்றாகப் பூக்கிறது. அம்மாவே பறித்து நிலக்கோட்டைப் பூச்சந்தை வேனில் ஏற்றிவிடுகிறாள். உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

எங்கள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போலீஸ் அனுப்பும் கஞ்சா மாதிரிகளில் ஊர், பேர் இருக்காது. எண் மட்டும்தான். ஒரு நாள் சேர்ந்து வந்த இரண்டில் ஒன்று பொட்டலத் தூள், மற்றது வேரோடு பிடுங்கிய செடி. டி.என்.ஏ. பார்த்து, இரண்டும் ஒரே தாய்ச்செடியின் வழி வந்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ பிடிபட்டதை, என் வேலைக்குக் கெடுதல் வருமென்று அம்மா மறைத்திருந்தாள். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னாள்; அந்த இரண்டு மாதிரியும் உன் வழக்கில் வந்தவை என்று அப்போதுதான் புரிந்தது. நம் தோட்டத்தில் பிடுங்கிய செடி மட்டும்தான் உன்னுடையது, காலேஜ் வாசலில் பிடித்த பொட்டலம் உன்னுடையது இல்லை என்று சொன்னாயாமே. மிச்சமிருந்த தூளை மறுபடி சோதித்தேன், தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே.

தப்பில்லை, தம்பி.

நேற்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: “செடிய வச்சே அதோட வம்சத்தச் சொல்லிருவியாம்ல? பொட்டலம் நம்ம தோட்டத்துது இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடும்மா. தம்பி வந்துருவான்.”

நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று உன் வக்கீல் கேட்பார். அதைச் சொல்ல எந்தச் சோதனையும் வேண்டாம். அப்போது நீ தலையைக் குனியாதே. நானும் குனிய மாட்டேன். அம்மா யார் முகத்தைப் பார்ப்பாள் என்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா