தண்ணி ஊசி போட்டுக்கொண்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று பள்ளிப்பட்டு பேருந்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையில் ஊசி போடும் இடத்தைத் துடைக்கும் ஸ்பிரிட் வாடை. சோப்பு போட்டாலும் போவதில்லை. உங்களை நினைத்துக்கொண்டேன்.

காசநோய் வராமல் தடுக்கும் ஊசி ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்ப்பது அப்போது என் வேலை. மூன்று நாள் உங்கள் காலனித் தெருவில் நடந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. நான்காம் நாள், கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பிய நீங்கள்தான் என்னை மறித்தீர்கள்.

"முன்ன ஒரு வாட்டி தெருவுக்கே ரத்தம் எடுத்துகினு போனாங்க. இன்னா கண்டாங்கன்னு எவனாவது வந்து சொன்னானா? சோதன பண்ண எங்க கைதான் கெடைக்குதா?"

"உங்க தெருவுலதானேக்கா நோய் அதிகம். மருந்து உங்க உடம்புக்கும் கேக்குதான்னு தெரிய வேணாமா?" என்றேன். எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

படிவத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னீர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது என்ற இடத்தில் நிறுத்தினீர்கள்.

"எனக்குத் தண்ணி ஊசி வந்தா?"

"வரலாம்க்கா."

"முடிவு நல்லதோ கெட்டதோ, நீயே வந்து சொல்லணும்."

"ஆங்" என்றேன். கையெழுத்துப் போட்டீர்கள். அந்த வாரமே தெருவில் பதினேழு பேர் சேர்ந்தார்கள்.

ஊசி போட்ட மறுநாள் தோளைக் காட்டி, "வலிக்குது பாரு, எனக்கு மருந்துதான் வந்துகீது" என்று சிரித்தீர்கள்.

அடுத்த வருட மழையில் கரும்புத் தோட்டத்தில் உங்களைப் பாம்பு கடித்தது. 'ஆய்வோடு தொடர்பில்லாத மரணம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது நான்தான். அதற்கு எனக்கு அரை நாள் ஆனது.

போன மாதம் முடிவும், யாருக்கு எது போட்டோம் என்ற பட்டியலும் வந்தன. நினைத்த அளவுக்கு அந்த ஊசி யாரையும் காக்கவில்லை. தபாலில் அனுப்பினால் போதும் என்றது அலுவலகம். லீவு போட்டுவிட்டு உங்கள் தெருவுக்கு வந்து, நின்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் மகள் மட்டும் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். "அம்மாவுக்கு எது போட்டாங்க?" என்றாள். மறைக்க மனம் வரவில்லை.

"தண்ணிம்மா."

"அப்போ சும்மாவே குத்திக்கினாங்களா?"

"இல்லம்மா. தண்ணி ஊசி போட்டுக்கினவங்களோட வச்சுப் பாத்ததாலதான் மருந்து வேல செய்யலன்னே தெரிஞ்சுது."

"எங்கம்மாவா இருந்தா இதுக்கும் நாலு கேள்வி கேட்டிருக்கும்" என்றாள்.

இப்போது வேறொரு ஊசி, வேறொரு தெரு. களைத்துப் போயிருக்கிறேன் அக்கா. ஆனாலும், எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட யாராவது வந்தால், பேனாவைக் கொடுக்க எனக்குக் கை வருவதில்லை.