திம்பம் மலையும் கொரியக் கஷாயமும்

பிப். 4, புதன்
காலையிலிருந்து தூறல். இந்தக் கலிபோர்னியா டப்ளின் முழுக்க ஈரம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மழையில் கார் கழுவுகிறார்.

என் வீட்டுக்காரி சரசுவுக்குக் கழுத்து இன்றும் இடப்பக்கம் திரும்பவில்லை. தீபாவளி வாரம், மகள் கவிதா கோயிலுக்கு அழைத்துப் போனபோது, சிக்னலில் நின்ற காரைப் பின்னாலிருந்து ஒருவன் இடித்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லாமலா தலைசுற்றல்? பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

நான் ஓட்டியிருந்தால் கண்ணாடியில் பார்த்து ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்திருப்பேன் என்றேன்.

"ரெட் சிக்னல்ல எங்கப்பா ஒடிப்பீங்க? ப்ளீஸ், சும்மா இருங்க."

கவிதா சொன்னது. முன்பென்றால் சரசு முந்திக்கொள்வாள். என் பேச்சை வெட்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

வெள்ளி, சான்டா கிளாராவில் கொரிய மூலிகை வைத்தியம். கவிதாவின் ஆபீஸ் தோழி சொல்லி அப்பாயின்ட்மென்ட்.

வாங்க: முள்ளங்கி, கறிவேப்பிலை, வெந்நீர்ப் பை.

பிப். 6, வெள்ளி
மேகமூட்டம். ஃப்ரீவே முழுக்கச் சரசு கண்ணை மூடியபடி. பிரேக் அடிக்கும்போதெல்லாம் என் கையை நசுக்கினாள். இரும்புக் கை. தாங்கும்.

வைத்தியர் ஓர் அம்மா. நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். இடித்த அதிர்ச்சியில் ரத்தம் உள்ளே தேங்கிவிட்டதாம்; ஸ்கேனில் தெரியாதாம். நானும் வைத்தியப் பரம்பரை என்றேன் (பெரியப்பா மாட்டுக்கு மருந்து அரைத்தவர்). அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். அக்குபங்சர் ஊசி எடுக்கத்தான். இருந்தாலும் எழுந்தார்.

"பழையபடி வாயாடுவாளான்னு கேளு கண்ணு."

"அதை எப்படிப்பா இங்கிலீஷ்ல கேக்கறது?"

கேட்டாள். உறுதி சொல்ல முடியாதாம். மருந்து குடிக்கட்டுமாம்.

சும்மா இருக்க முடியவில்லை. திம்பம் கதையை எடுத்துவிட்டேன். கரும்பு லோடு, பிரேக் போன லாரி, இருபத்தேழு வளைவு, ஒற்றைக் கையால் இறக்கினேன். கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். எப்போதும் இந்த இடத்தில்தான் சரசு குறுக்கே வருவாள்: "ஓட்டுனது டிரைவர் மாரிமுத்துங்க. இவரு பக்கத்துல குறட்டை." இடம் விட்டுக் காத்திருந்தேன். அவள் சுவரிலிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து குடிக்கும்வரை பன்றிக்கறி, மைதா, மது, முள்ளங்கி கூடாது. முள்ளங்கி கார் கழுவுகிறவருக்குப் போனது.

பிப். 9, திங்கள்
வெயில். கஷாயம் பை பையாக அடைத்து வருகிறது. வெந்நீரில் போட்டுச் சூடாக்க வேண்டும். நிறம், மாற்றாத இன்ஜின் ஆயில். முதலில் நான் ஒரு மிடறு. தேன் என்று சொன்னேன். தொண்டை இன்னும் கசக்கிறது. சரசு முகம் சுளிக்காமல் குடித்தாள். சுளித்திருக்கலாம்.

நம் ஊர்ப் பத்தியத்தையும் சேர்த்தேன். புளி, கத்தரிக்காய், தாளிப்பு கிடையாது.

"டாக்டர் புளியைப் பத்திப் பேசவே இல்லியே! அம்மாவை ஏம்ப்பா பட்டினி போடறீங்க?"

"மருந்துன்னா பத்தியம் வேணும் கண்ணு."

வேறென்ன எனக்குச் செய்யத் தெரியும்? ரசமில்லாவிட்டால் தட்டைத் தள்ளுகிறவள் வெறும் மோர்ச் சோற்றைக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தாள். மாலையில் நானே புளி கரைத்தேன்.

பிப். 13, வெள்ளி
மழை. ஆனால் நல்ல நாள். காலையில் கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியது! பக்கத்து வீட்டாரிடம் என் கைராசி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தத் தெம்பில் சரசுவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து திம்பம் கதை. இந்த முறை மூன்று யானை சேர்த்தேன். எந்த மனைவியும் தாங்க மாட்டாள். கடைசி வளைவில் நிறுத்தினேன்.

மெதுவாகத் திரும்பினாள். முழுதாக என் முகம் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களா ஓட்டுனீங்க? எனக்கு நெனப்பே இல்லீங்க. பயமா இல்லீங்களா?"

மாரிமுத்துதான் ஓட்டினான், நான் தூங்கிக்கொண்டிருந்தேன் சரசு, என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்படீங்களா" என்றாள்.