வெடிக்காத பீரங்கிக்கு அஞ்சு நிமிஷம்

மாப்ளே,

இன்று காலை கரடி வேஷத் தலையைத் தேடித் தகரப் பெட்டியைக் குடைந்தபோது உன் சிவப்புக் கொடி கைக்கு வந்தது. உதறினேன். அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசி இரண்டு லாரி லோடு கொட்டியது. நான் தும்மிய தும்மலில், கீழே பஞ்சர் கடைக்காரர் டயர்தான் வெடித்துவிட்டதென்று எழுந்து ஓடினார். கொடிக்குள் சுருண்டு கிடந்தது உன் விசில். வாய்ப்பக்கத்தில் உன் பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. கரடியாவது ஒன்றாவது என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொண்டாட்டக் கம்பெனி நடத்துகிறவர்கள் ஆட்டமோ பாட்டோ கற்றுக்கொண்டு வருவார்கள். நம் மூவரின் கலைப் பரம்பரையோ மூவுலகமும் காணாதது. நான் பருத்திக்கு மருந்தடிக்கிற பம்பு ரிப்பேர்க்காரன்; பெரம்பலூர்ப் பக்கம் என் கை படாத பம்பு இருந்தால் அது இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். மல்லிகா குன்னத்துக் குடோனில் மக்காச்சோள மூட்டைக்கு வாய் தைத்தவள். அவள் சாக்கில் தைத்த கரடித் தலையைப் பார்த்துப் பச்சைமலையில் மிச்சமிருந்த கரடிகளும் குடும்பத்தோடு வெளியேறிவிட்டன. நீ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவன். கல்யாணத்திலும் காதுகுத்திலும் ஜனங்களைக் குஷிப்படுத்துவோம் என்று நாம் போர்டு மாட்டிய அன்றைக்கு, அந்தப் போர்டைப் பார்த்தே பாதி டவுன் சிரித்தது.

"பாத்தியா மச்சான், மொத நாளே வேலை நடக்குது" என்றாய்.

நம் பேரரசின் பெரிய ஆயுதம் நான் செய்த காகிதப் பீரங்கி. மருந்தடிக்கிற பம்பின் டேங்க்தான். அதில் காற்றை ஏற்றி, குழாயில் கலர் காகிதத்தை அடைத்து, பொத்தானை அமுக்கினால் வானம் வரை பூமழை. ஆனால் உன்னோடு பெரிய ரோதனை. சுரங்கத்தில் வெடிக்குமுன் ஊதுகிற மாதிரியே ஒவ்வொரு தடவையும் மூன்று விசில் ஊதுவாய். கொடியைத் தூக்கிப் பிடிப்பாய். மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், வீடியோக்காரர் யாராக இருந்தாலும் பத்தடி தள்ளி நிறுத்துவாய்.

"அண்ணே, வரப்போறது கலர் பேப்பரு. நீங்க என்னமோ ஊரையே காலி பண்றீங்க" என்பாள் மல்லிகா.

"பாறைக்கும் பேப்பருக்கும் வித்தியாசம் காத்துக்குத் தெரியாது தங்கச்சி."

எனக்கு மானம் போகும். ஒரு கல்யாணத்தில் உன் விசிலை நானே கரடித் தலைக்குள் ஒளித்துவைத்தேன். இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். நீ இரண்டு விரலை வாயில் வைத்து ஊதியதில் அரியலூர் ரயில் நின்றுவிட்டது.

அப்புறம் வந்தது செட்டிகுளத்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, சுற்றிலும் இருநூறு பேர். ஆசாரி காது குத்தி முடித்ததும் நீ விசில் ஊதினாய், நான் பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை அழுகிற சத்தம் மட்டும்.

"என்னப்பா, ஒங்க பீரங்கி தூங்குதா?" என்றார் தாய்மாமன். பந்தலே சிரித்தது.

என் கைவேலைக்கு இப்படி ஓர் அவமானமா! குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்போமென்று பாய்ந்தேன். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாய்.

"அஞ்சு நிமிஷம் யாரும் கிட்டப் போகக்கூடாது."

"அஞ்சு நிமிஷமா? ஜனமெல்லாம் பந்திக்குப் போயிரும்யா!" என்று தாய்மாமன் கத்தினார்.

"போகட்டும்ங்க. கண்ணோட போகட்டும்."

"சொரங்கத்துப் புத்தி ஒன்ன விட்டுப் போகவே போகாதா? விடுடா. அது செத்துப்போச்சு" என்று இருநூறு பேர் முன்னால் உன்னைத் திட்டினேன். நீ காலரை விடவில்லை.

"வெடிக்கலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல மச்சான். யோசிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

நாலாவது நிமிஷம் அது யோசித்து முடித்தது. இறுகிக் கிடந்த வால்வு தானாகத் திறந்துகொண்டது. செங்கல் மாதிரி கெட்டிப்பட்டிருந்த காகிதம் பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு மேலே போனது; மலைமேல் முருகன் வேலால் தட்டிவிட்டிருக்காவிட்டால் நிலாவில் போய் ஒட்டியிருக்கும். கிழிசல் வழியே கலர் கலராகத் தூள் இறங்கியது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எல்லோரும் கைதட்டினார்கள். மல்லிகா மட்டும் தட்டவில்லை. பந்தல் துணியில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "வால்வ மாத்து மச்சான்" என்று மட்டும் சொன்னாய்.

போன வருஷம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டார்கள். நேரமாச்சு, குளிப்பாட்டணும் என்று உன் சொந்தக்காரர்கள் அவசரப்பட்டார்கள். நான் உன் பையிலிருந்து கொடியையும் விசிலையும் எடுத்து வாசலில் நின்றேன்.

"அஞ்சு நிமிஷம். யாரும் கிட்ட வராதீங்க."

பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மல்லிகா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நீ யோசித்துக்கொண்டிருக்கலாம் இல்லையா? நாலாவது நிமிஷம் வரை நான் மூச்சே விடவில்லை.

"அண்ணே, ஆயிருச்சு" என்றாள்.

இனி பயமில்லை, போகலாம் என்று சுரங்கத்தில் ஊதுவாயாமே ஒரு நீள விசில், அதை ஊதி வழிவிட்டேன். நான் ஊதியதிலேயே ஒழுங்காக வராத விசில் அதுதான்.

வால்வை அப்போதே மாற்றிவிட்டேன் மாப்ளே. அது இன்றுவரை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஆனாலும் மூன்று விசில் உண்டு, உன்னுடையதை அன்றே பெட்டியில் போட்டுவிட்டதால் வேறொரு விசிலில்; பத்தடியும் உண்டு. பத்தடியை மல்லிகா பதினைந்தாக்கிவிட்டாள். மீறுகிறவர்களைக் கரடித் தலையோடு துரத்துகிறாள்.

இப்போதும் அவள்தான் கீழேயிருந்து கூப்பிடுகிறாள். "அண்ணே, தலை கெடைச்சுதா இல்லியா? குன்னத்துல கல்யாண வூட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க!"

அஞ்சு நிமிஷம் என்று சொல்லியிருக்கிறேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இரண்டு கண்ணாலும் பார்த்து. எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. எல்லாம் உன் சுண்ணாம்புத் தூசி செய்கிற வேலை.